ஓலை

ஞாயிறு பூசை முடிவில் பங்குச் சாமியார் "முதல் ஓலை" என்று தொடங்கினால் கோயிலில் சலசலப்பு அடங்கிவிடும். மணமக்கள் பெயர், பெற்றோர், எந்தப் பங்கு எல்லாம் வரும். பனையோலையில் எழுதிய காலத்தில் கடிதமும் ஆவணமும் ஓலைதான். தாள் வந்த பிறகும் தென்மாவட்டக் கத்தோலிக்கர் நாவில் அது திருமண அறிவிப்பாகத் தங்கிவிட்டது.

சொல் நம்முடையது, சட்டம் ஐரோப்பாவுடையது. ரகசியத் திருமணங்களைத் தடுக்க 1215-இல் திருச்சபையின் நான்காம் இலாத்தரன் சங்கம் அறிவிப்பைக் கட்டாயமாக்கியது. 1563-இல் திரிதெந்து சங்கம் மூன்று முறை என்றது. மணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர் சொல்லியாக வேண்டும். (பெஞ்சில் இருப்பவர்களுக்கோ யார் வீட்டுப் பெண் என்பதுதான் செய்தி.) இன்று வாட்ஸ்அப் அழைப்பிதழ் முந்திக்கொள்கிறது, ஓலை மட்டும் மூன்று ஞாயிறு எடுத்துக்கொள்கிறது.