சூப் தட்டில் ஒரு தடுப்பு

ஒரு செடி பூச்சியைப் பிடிப்பதைக் கண்ணால் பார்த்துவிடலாம். பிடித்த பூச்சியால் அந்தச் செடிக்கு ஏதாவது லாபம் உண்டா என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவே தாவரவியல் நூறு வருடங்களுக்கு மேல் நின்றுகொண்டிருந்தது.

வட கரோலினாவின் ஆளுநர் ஆர்தர் டாப்ஸ், ஈயைப் பிடிக்கும் ஒரு விநோதச் செடியைப் பற்றி 1759-இல் லண்டனுக்குக் கடிதம் எழுதினார். இன்று நாம் வீனஸ் ஃபிளைட்ராப் என்று சொல்கிற செடி அது. 1769-இல் ஜான் எல்லிஸ் என்ற லண்டன் வணிகர் அதன் விவரிப்பை ஸ்வீடனில் இருந்த லின்னேயஸுக்கு அனுப்பிவைத்தார். எல்லிஸ் இயற்கை ஆராய்ச்சியிலும் ஈடுபாடு உள்ளவர். செடி இந்தப் பூச்சிகளை உணவாக எடுத்துக்கொள்ளக்கூடும் என்பது அவருடைய ஊகம். லின்னேயஸ் வியந்தார், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. தொட்டாற்சிணுங்கி மாதிரி இதுவும் தொட்டால் மூடிக்கொள்கிறது, பூச்சி துடிப்பதை நிறுத்தியதும் திறந்து விட்டுவிடும் என்பது அவர் கணக்கு.

இதைப் படித்துவிட்டு லின்னேயஸைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் செடி தின்னும் என்று நம்ப அவருக்கு என்ன அவசியம் இருந்தது? மண்ணும் நீரும் செடிக்கு, செடி விலங்குக்கு என்ற வரிசை எல்லாவற்றுக்கும் பொருந்திவந்தது. பச்சை இலைகள் வெளிச்சத்தில்தான் காற்றைச் சுத்தம் செய்கின்றன என்று இங்கன்ஹவுஸ் காட்டியதே 1779-இல்தான். அதன் பிறகு ஒளிச்சேர்க்கை புரியப் புரிய, கேள்வி இன்னும் சிக்கலாகத்தான் ஆனது. தன் சாப்பாட்டைத் தானே சமைத்துக்கொள்கிற இலை எதற்காக வேட்டைக்குப் போக வேண்டும்?

1860 கோடையில் சார்லஸ் டார்வின் சசெக்ஸில், ஹார்ட்ஃபீல்டு என்ற ஊரில் தங்கியிருந்தார். சதுப்பு நிலத்தில் ட்ரோசிரா செடிகளைப் பார்த்தார். ட்ரோசிரா இலை முழுக்க முடி போன்ற கொம்புகள். ஒவ்வொன்றின் நுனியிலும் பனித்துளி மாதிரி ஒரு பசைத்துளி. பன்னிரண்டு செடிகளைப் பிடுங்கி எண்ணினார். விரிந்த இலைகள் 56. அதில் 31 இலைகளில் செத்த பூச்சியோ அதன் மிச்சமோ ஒட்டியிருந்தது. தற்செயல் என்று சொல்ல முடியாத கணக்கு. பிறகு மனிதர் விடவே இல்லை. அவர் இதை ஒரு ஜீவன் போலவே நடத்துகிறார், கடைசியில் இது விலங்குதான் என்று நிரூபித்துவிடுவார் போல என்று மனைவி எம்மா கடிதத்தில் கிண்டலடிக்கிற அளவுக்கு ட்ரோசிரா பைத்தியம்.

சோதனைகள் எளிமையானவை. இலைமேல் பால், சிறுநீர், முட்டையின் வெள்ளைக்கரு, இறைச்சிச் சாறு விட்டுப் பார்த்தார். கொம்புகள் வளைந்தன. சர்க்கரைக் கரைசல், கோந்து, தேநீர் விட்டால் ஒன்றும் நடக்கவில்லை. அதாவது, நைட்ரஜன் உள்ளதைச் செடி அடையாளம் கண்டுகொள்கிறது. அவித்த வெள்ளைக்கருவைச் சின்னச் சின்னக் கனசதுரமாக வெட்டி வைத்தார். முதலில் ஓரங்கள் மழுங்கின, பிறகு கட்டியே கரைந்தது. கொஞ்சம் காரம் சேர்த்தால் செரிமானம் நின்றது. அமிலம் சேர்த்தால் மறுபடி தொடங்கியது. நம் வயிற்றில் நடப்பதுபோலவே. 1875-இல் ‘பூச்சியுண்ணும் தாவரங்கள்’ புத்தகம் வந்தது.

அதோடு விஷயம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. “சரிப்பா, செரிக்குது. அதனால செடிக்கு என்ன ஆச்சு?” என்ற கேள்வி மிச்சமிருந்தது. பூச்சியே கிடைக்காத கண்ணாடி வீடுகளிலும் இந்தச் செடிகள் நன்றாகத்தானே வளர்கின்றன? நியாயமான கேள்வி. டார்வின் புத்தகத்தில் இதற்கு நேரடிச் சோதனை இல்லை.

அதைச் செய்தது மகன் பிரான்சிஸ். 1877 ஜூனில் சுமார் 200 ட்ரோசிரா செடிகளைக் கொண்டுவந்து, பாசி நிரப்பிய ஆறு சூப் தட்டுகளில் நட்டார். ஒவ்வொரு தட்டையும் மரத்தடுப்பு வைத்து இரண்டு பாதியாகப் பிரித்தார். ஒரு பாதிக்கு வறுத்த இறைச்சித் துணுக்குகள், இன்னொரு பாதிக்குப் பட்டினி. பட்டினிப் பாதி தானாகவே பூச்சி பிடித்துத் தின்றுவிடக் கூடாது, அதனால் எல்லாவற்றையும் வலைத்துணியால் மூடினார். ஒரே தட்டு, ஒரே ஈரம், ஒரே வெயில். வித்தியாசம் இறைச்சி மட்டும். மென்பொருள் வேலையில் நாங்கள் ஏ/பி டெஸ்ட் என்று சொல்வது இதைத்தான். ஒரு பட்டனோட நிறத்தை மாத்தினா விற்பனை கூடுதான்னு பார்ப்போமே, அந்த ஏற்பாடு ஒரு சூப் தட்டுக்குள் இருந்தது.

பட்டினிச் செடிகளின் அளவை 100 என்று வைத்துக்கொண்டால், பூந்தண்டு நீங்கலாக இறைச்சி கிடைத்த செடிகளின் எடை சுமார் 121. “பரவாயில்லை, கொஞ்சம் கூட” என்று தோள் குலுக்கிவிடலாம். பூந்தண்டுகளின் எண்ணிக்கை 165. விதைகளின் எண்ணிக்கை 241. விதைகளின் மொத்த எடை 380. கண்ணாடி வீட்டுக்காரர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லாபம் விதையில் இருந்தது. எதை அளக்கிறோம் என்பதில் தப்பினால், சரியான சோதனைகூடத் தப்பான பதிலைச் சொல்லும்.

இன்னொன்றும் தெரிந்தது. ஜூலை நடுவிலேயே இறைச்சி கிடைத்த பாதி பளிச்சென்று பச்சையாகிவிட்டது. சதுப்பு மண்ணில் நைட்ரஜன் பஞ்சம். இலையைப் பச்சையாக்கும் பச்சையத்துக்கே நைட்ரஜன் வேண்டும். செடி பூச்சியைத் தின்பது சமைப்பதை நிறுத்திவிட அல்ல, இன்னும் நன்றாகச் சமைக்க. தற்சார்பு, பிறசார்பு என்று பாடப்புத்தகத்தில் இரண்டு கட்டம் போட்டுப் படித்தோமே, ட்ரோசிராவின் ஒரே இலையில் ஒரு கட்டத்தின் வேலை இன்னொன்றுக்கு உரமாகிறது. லின்னேயஸ் கேட்டிருக்கக்கூடிய கேள்விக்கு இதுதான் பதில்.

பிரான்சிஸின் முடிவுகள் 1878-இல் வெளிவந்தன. நான்கு ஆண்டுகளில் தந்தை இறந்துபோனார். 1888-இல் வந்த ‘பூச்சியுண்ணும் தாவரங்கள்’ இரண்டாம் பதிப்பைச் சரிபார்த்துப் பதிப்பித்தது பிரான்சிஸ்தான். அப்பா விட்டுவைத்த கேள்வியை மகன் சூப் தட்டில் முடித்துவைத்திருந்தார்.