மேல்சுருதியும் அதன் கட்சிக்காரர்களும்

விருதுநகரிலிருந்து தென்காசி செல்லும் இருப்புப்பாதை 1927-ஆம் வருஷம் திறக்கப்பட்டதனால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் பஞ்சு வியாபாரத்தில் விளைந்த அநுகூலத்தை எல்லோரும் அறிவர். அந்த ரயிலிலே ஆர்மோனியப் பெட்டியும் கிரீடமும் சரிகைச் சட்டையுமாக வந்திறங்கிய நாடகக்காரர்களால் இவ்வூர்களின் செவிக்கு விளைந்த அநுகூலம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தெற்கே செங்கோட்டை, நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா பிறந்த ஊர். கிழக்கே சிவகாசி, நாடக நடிகர் எஸ்.எஸ். விசுவநாததாஸ் பிறந்த ஊர். சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளமோ காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாருடையது. வடக்கே மதுரை, ஸ்பெஷல் நாடகத்துக்கே தலைநகரம். இவற்றின் நடுவே அமைந்த ஊர்களில் பாட்டைப் பற்றிக் கட்சிகள் உண்டாகாமலிருந்தால்தான் ஆச்சரியம். எவருடைய பாட்டு மேலானது, எவருக்குத் தகுதிக்கு மிஞ்சிய கியாதி வந்துவிட்டது என்று ரஸிகர்கள் வாதாடும் வழக்கம், தென்பாண்டிச் சீமையில் நாடக மேடையோடு பிறந்து, இசைத்தட்டோடு வளர்ந்து, பேசும்படத்தோடு உருமாறிய ஒரு வழக்கம். சங்கீத சபைகளின் சரித்திரத்தை எழுதுவோர் இதனையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் துணிபு.

ஸ்பெஷல் நாடகத்தின் அமைப்பே இந்த வாதத்துக்கு வித்திட்டது. கம்பெனி நாடகமாயின், நடிகர்கள் ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கி, வாத்தியாரிடம் பாடம் பயின்று, ஒத்திகை பார்த்து மேடையேறுவார்கள். ஸ்பெஷல் நாடகத்திலோ, ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், பபூனும் ஆர்மோனியப் பின்பாட்டுக்காரரும் மற்றோர் ஊரிலிருந்தும் அன்று சாயங்காலம் வந்து கூடி, ஒத்திகை என்பதே இல்லாமல், சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதி வைத்துப்போன பாடம் ஒன்றையே பொதுவுடைமையாகக் கொண்டு விடிய விடிய ஆடுவார்கள். ‘வள்ளி திருமண’த்தில் நாரதரும் வள்ளியும் எதிரெதிரே நின்று பாட்டுக்குப் பாட்டு விடுக்கும் தர்க்கத்தில் எவர் வெல்வார் என்பது நடிப்பவருக்கே முன்கூட்டித் தெரியாது. பூக்குழித் திருவிழாவுக்கு வந்து மணலிலே பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் ஜனங்களே நியாயாதிபதிகள். அவர்களுடைய தீர்ப்பு மறுநாள் காலையில் தேநீர்க்கடையிலும் தறிக்கூடத்திலும் பஞ்சுப் பேட்டையிலும் மறுவிசாரணைக்கு வரும்.

அந்தத் தீர்ப்புக்குப் பிரமாணமாக எடுத்துக்கொள்ளப்பட்டது பெரும்பாலும் சுருதி. ஒலிபெருக்கி வராத காலத்தில், ஆயிரம் பேர் கூடிய திறந்த வெளியின் கடைசி வரிசை வரையில் சொல் தெளிவாகச் சென்று சேர வேண்டுமானால், பாடுகிறவருக்கு நான்கு கட்டை, ஐந்து கட்டையில் நிற்கும் சாரீரம் இன்றியமையாததாயிற்று. கிட்டப்பாவுக்கு அது தெய்வாதீனமாக வாய்த்திருந்தது. சகோதரர் காசி ஐயர் ஆர்மோனியத்தில் துணை நிற்க, ‘தசாவதாரம்’ போன்ற நாடகங்களில் நடுக்கதையை நிறுத்திவிட்டுத் தியாகராஜ கீர்த்தனையொன்றை அவர் எடுத்தால், கதை தடைப்பட்டதே என்று எவரும் குறைப்பட்டதில்லை. இராஜபாளையத்து ராஜுக்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்களாதலால், பிற ஊரார் இராகத்தில் மட்டும் மயங்கிய இடத்தில் இவர்கள் சாகித்தியத்தின் பொருளிலும் மயங்கியிருக்க வேண்டும். 1906-இல் பிறந்த அம்மகாவித்வான் 1933 டிசம்பரில், இருபத்தேழே வயதில் மறைந்தார். பேசும்படம் எதிலும் அவர் நடித்ததில்லை. ஆகவே அவரைக் கண்ணாரக் கண்டிராத தலைமுறைக்கு அவர் விட்டுச்சென்றவை இசைத்தட்டுக்களே.

அந்த இசைத்தட்டு வந்ததும் வாதத்தின் தன்மையே மாறிப்போயிற்று. நிமிஷத்துக்கு எழுபத்தெட்டுச் சுற்றுச் சுழலும் பத்தங்குல அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேலாகத்தான் பாட்டு அடங்கும். மேடையிலே அரைமணி நேரம் விரிந்த விருத்தமும், பின்பாட்டுக்காரர் இடையிடையே கொடுத்த உற்சாகமும், ‘ஒன்ஸ்மோர்’ கேட்ட கூட்டத்தின் ஆரவாரமும் அதில் ஏற இடமில்லை. ஆனால் ஒரே பாட்டைப் பத்துத் தடவை கேட்டு, இந்த இடத்தில் சுவரம் நழுவிற்று, இந்த இடத்தில் மூச்சு வாங்கிற்று என்று சாட்சியத்தோடு பேசும் வசதி முதன்முதலாக ஏற்பட்டது. கிராமபோன் வைத்திருந்த ஒரு வீட்டுத் திண்ணை தெருவுக்கெல்லாம் சபையாயிற்று. காலணா, அரையணாப் பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லைச் சரிபார்த்தவர்களும் உண்டு. மேடையிலே கேட்ட முதியவர்கள், தட்டிலே இருப்பது நிழல்தான் என்றார்கள். தட்டிலே கேட்ட இளையவர்கள், முதியவர்களின் ஞாபகம் ஆண்டுதோறும் ஒரு கட்டை ஏறிக்கொண்டே போகிறது என்றார்கள். இரு திறத்தாரும் சொன்னது மெய்யே.

ஆயினும் இந்தக் கட்சிப் பேச்சிலே மேல்சுருதிக்குக் கிடைத்த மரியாதை அளவுக்கு மிஞ்சியது என்றே நான் கருதுகிறேன். தேவையினால் வந்த ஒரு குணத்தைக் கலையின் உச்சமாக வைத்து வழிபட்டதனால், அதே மேடையில் அதே இரவில் பாடப்பட்ட சிந்தையும் தெம்மாங்கையும் ‘சில்லறை உருப்படி’ என்று தள்ளிவிட்டார்கள். அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தை எடுத்துக்கொள்ளுவோம். கழுகுமலை முருகனுக்குக் காவடி சுமந்து செல்பவர்கள் கரிசல் மண்ணில் கால் பெயர்த்து நடக்கும் நடையே அதன் தாளம். வல்லின எதுகைகளும் முடுகும் நெருங்கி அடுக்கிக்கொண்டு போகும் அந்தச் சொற்கட்டை, மூச்சு முறியாமலும் பொருள் சிதையாமலும் பாடிக் கொடுப்பது மேல் ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்தை நீட்டி நிறுத்துவதைவிட எளிதன்று. ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் வாழ்ந்து இளமையிலேயே காலமான அந்தக் கவி, பண்டிதர்க்குரிய யாப்பையும் வழிநடைப் பாமரர்க்குரிய மெட்டையும் ஒன்றாக்கிக் கொடுத்தார். நாட்டுப் பாடலைப் புதிய வாத்தியங்களோடு கூட்டிக் கேட்கும் மேல்நாட்டு இளைஞர்கள் 1960-களில் கண்டுபிடித்ததாகச் சொல்லப்படும் இன்பத்தை, ஆர்மோனியமும் மிருதங்கமும் ஜால்ராவும் சேர்ந்த சிந்தில் நம் ஊர் ஜனங்கள் எவ்வளவோ முன்னமே அநுபவித்தார்கள். கச்சேரி மேடை அதற்குக் கடைசிக் கால்மணி நேரத்தைத்தான் ஒதுக்கிற்று.

விசுவநாததாஸுக்கு இழைக்கப்பட்ட அநீதி இதனினும் பெரிது. முருகன் வேஷத்தில் நின்றுகொண்டே கதர்ப் பாட்டும் சுதந்திரப் பாட்டும் பாடி, மேடையிலிருந்து நேரே சிறைக்குப் போய், விடுதலையானதும் மறுபடி அதே பாட்டைப் பாடியவர் அவர். மருத்துவர் குலத்தில் பிறந்தார் என்ற காரணத்தைக் காட்டி அவருடன் நடிக்க மறுத்தவர்களும் இருந்தார்கள். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் ‘வள்ளி திருமணம்’ நடந்துகொண்டிருக்கும்போதே முருகன் வேஷத்தோடு அவர் உயிர் பிரிந்தது. அவருடைய புகழ் தட்டினால் வளர்ந்ததன்று, மேடையினால் வளர்ந்தது. ஆகவே தட்டை வைத்து வாதாடிய பிற்காலத்தார் அவரை வரிசையிலேயே சேர்க்கவில்லை. எவர் அதிகமாகப் புகழப்பட்டார் என்று கேட்பவர்கள், எவர் கணக்கிலேயே வரவில்லை என்பதையும் கேட்டிருக்க வேண்டும்.

பிற்பாடு பேசும்படத்தில் பாடி நடித்த எம்.கே. தியாகராஜ பாகவதருக்கும் பி.யு. சின்னப்பாவுக்கும் எழுந்த கட்சிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. அவை தமிழ்நாடு முழுவதற்கும் பொதுவானவை. இருவரும் நாடக மேடையில் பயின்று வந்தவர்கள். ‘ஹரிதாஸ்’ 1944-இல் வெளிவந்து சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டதை ஒரு கட்சி சொல்ல, அதே ஆண்டில் வந்த ‘ஜகதலப்பிரதாப’னை மற்றொரு கட்சி சொல்லும். 1936-இல் ராஜபாளையம் மில்ஸ் ஏற்பட்ட பிறகு பெருகிய மில் தொழிலாளர்கள் இந்த வாதத்துக்குப் புதிய ஆட்களாக வந்து சேர்ந்தார்கள். கலியாண வீடுகளில் ரேடியோ செட்டுக்காரர் எந்தத் தட்டை முதலில் போடுவது, எதை இரண்டாம் முறை போடுவது என்பதிலேயே மாப்பிள்ளை வீட்டாருக்கும் பெண் வீட்டாருக்கும் மனஸ்தாபம் வருமளவுக்கு அபிமானம் முற்றியது. ஆனால் மைக் வந்துவிட்டபடியால் மேல்சுருதியின் அவசியம் போய்விட்டது. குரல்கள் கீழே இறங்கின, குழைவு கூடிற்று. ஜி. ராமநாதன் போன்ற சங்கீத டைரக்டர்கள், ரஸிகர் கட்சிகள் ஒதுக்கி வைத்திருந்த சிந்துக்கும் தெம்மாங்குக்கும் படத்திலே கௌரவமான இடம் கொடுத்தார்கள்.

குரலைப் பற்றிய கட்சிக்கு முடிவுகட்டியது பின்னணிப் பாட்டு. 1954-இல் ‘தூக்குத் தூக்கி’யில் சிவாஜி கணேசனுக்கும் ‘மலைக்கள்ள’னில் எம்.ஜி.ஆருக்கும் மதுரை டி.எம். சௌந்தரராஜன் ஒருவரே பாடியபோது, அந்நடிகர் இருவரின் எதிரெதிர் ரஸிகர் கட்சிகள் இரண்டும் ஒரே சாரீரத்தைத் தம்முடையதென்று கொண்டாட நேர்ந்தது. அதன்பின் சண்டை முகத்தைப் பற்றியதாயிற்று. எனினும் ஸ்பெஷல் நாடகம் ஓய்ந்துவிடவில்லை. மதுரையிலும் புதுக்கோட்டையிலும் உள்ள நடிகர் சங்கங்களுக்கு, திருவிழாவுக்கு முன் முன்பணத்தோடு செல்லும் ஊர்க் கமிட்டிக்காரர்கள், எந்த ராஜபார்ட்டுக்கு எந்த ஸ்திரீபார்ட் தர்க்கத்தில் ஈடுகொடுப்பார், எந்தப் பின்பாட்டுக்காரர் சிந்து எடுத்துக் கொடுப்பதில் கெட்டிக்காரர் என்று அங்கேயே நின்று வாதாடிவிட்டுத்தான் தேதி எழுதிக்கொண்டு திரும்புகிறார்கள்.