கரிசல் சுவடுகள் - 17: கூடாரத்தில் நான்கு வருஷம்

1858 அக்டோபர் 22. அன்றைய சிவகாசியில் பட்டாசு கிடையாது, தீப்பெட்டி கிடையாது, அச்சகமும் கிடையாது. ஐயநாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவருவதற்கு இன்னும் அறுபது வருஷத்துக்கு மேல் பாக்கி. அந்தச் சிவகாசியில், நுரையீரலிலிருந்து ரத்தம் பெருகி ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் இறந்துபோனார். வயது 43. பெயர் தாமஸ் கஜெடன் ராக்லண்ட்.

அவர் ஜிப்ரால்டரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் 1841இல் நான்காவதாக வந்தவர். அங்கேயே கல்லூரியில் நல்ல பதவியும் கிடைத்தது. அதை விட்டுவிட்டு 1846இல் சென்னைக்கு வந்து, சர்ச் மிஷனரி சொசைட்டி என்ற சி.எம்.எஸ். சங்கத்தின் செயலாளராகக் கணக்குப் புத்தகத்துக்கும் கடிதக் கட்டுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தார். உடம்பு ஏற்கெனவே சரியில்லை. அப்படிப்பட்டவர் 1854இல் தேர்ந்தெடுத்தது கூடாரத்தை.

காரணம் இதுதான். மிஷனரி ரேனியஸ் காலம் தொட்டுத் திருநெல்வேலிச் சீமையின் தென்பகுதியில் ஊருக்கு ஊர் சபைகள் முளைத்துவிட்டன. வடக்கே சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் அநேகமாக ஒன்றும் இல்லை. டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்ற இரண்டு இளைஞர்களோடு ராக்லண்ட் ஊர் ஊராகக் கூடாரம் அடித்துத் தங்கினார். அக்னி நட்சத்திரத்தில் துணிக் கூடாரத்துக்குள் மத்தியானப் பொழுதைக் கழித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அது என்னவென்று தெரியும். ஐப்பசி மழையிலோ கரிசல் மண் காலைக் கவ்விக்கொள்ளும், வண்டியும் நகராது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆட்கள் அந்த மூன்று துரைமார் அல்ல. தெற்கத்தி உபதேசியார்கள். தென்பகுதிச் சபைகள் தங்கள் கைப்பணம் போட்டு, முறைவைத்து, மாதத்துக்கு இவ்வளவு பேர் என்று உபதேசியார்களை வடக்கே அனுப்பிவைத்தன. பனையேறிகளும் கூலிக்காரர்களும் நிறைந்த சபைகள் அவை. கையில் மிஞ்சுவதே சொற்பம். அதிலும் ஒரு பங்கு, தாங்கள் கண்ணால் பார்த்திராத ஊர்களுக்காகப் போனது. மிஷனரி வரலாறு எழுதியவர்கள் கூடாரத்துக்குக் கொடுத்த பக்கங்களில் பாதியையாவது இவர்களுக்குக் கொடுத்திருக்கலாம்.

பலன்? நாலு வருஷச் சொச்சத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் ஜெபம், வெயிலேறுவதற்குள் ஊர்கள், பேச்சு, சிலர் கேட்பார்கள், பலர் கலைவார்கள். மறுபடி கூடாரம், மறுபடி ஜெபம். கோதுமை மணி மண்ணில் விழுந்து செத்தால்தான் விளையும் என்ற யோவான் சுவிசேஷத்துச் செய்திதான் ராக்லண்டுக்குப் பிடிமானம். கரிசலில் கோதுமை ஏது, கம்பும் சோளமும் பருத்தியும்தான். ஆனாலும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பது மானாவாரிக்காரனுக்குப் புரியாத சங்கதியா என்ன?

அவர் போன பிறகும் வேலை நிற்கவில்லை. சிவகாசியை ஒட்டி ஒரு மிஷன் ஊரே உருவானது. அதற்கு வைத்த பேர் சாட்சியாபுரம். 1876இல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. அது ஓய்வதற்குள் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர்ந்தார்கள். கஞ்சிக்காகச் சேர்ந்தார்கள் என்பார் உண்டு. ஜெபம் பலித்தது என்பாரும் உண்டு. பசித்தவன் கதவைத் தட்டுவதை இப்படி இரண்டாகக் கூறுபோட எனக்கு மனமில்லை.

பிற்பாடு டோனாவூரிலிருந்து மிஷனரி எமி கார்மைக்கேல் ராக்லண்டின் வரலாற்றை ஒரு நூலாகவே எழுதினார். அந்த அம்மாளும் அதற்குப் பிறகு 1931இல் ஒரு பள்ளத்தில் விழுந்து அடிபட்டு, 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே கிடந்தவர்.

போன வருஷம் தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு, இந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஞாயிறு ஆராதனைக்குப் போயிருந்தேன். விண்ணப்பங்களைச் சொல்லச் சொன்னார் ஐயர். காய்ச்சல், கடன், பரீட்சை என்று வரிசையாக வந்தன. பின்வரிசையில் ஓர் அம்மாள் எழுந்து, "மருந்து ரூமுக்குப் போற பிள்ளைகளுக்காக" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார். யாரும் விளக்கம் கேட்கவில்லை. பட்டாசுக்கான மணிமருந்து கலக்கும் அறையில் ஓர் உரசல் போதும் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்து யாருக்கும் மறக்கவில்லை. அந்த அம்மாளின் விரல் நகங்களில் அலுமினியப் பொடியின் வெள்ளி நிறம் ஏறியிருந்தது. எத்தனை சோப்புப் போட்டாலும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அது போகாது.

ஐயர் கண்ணை மூடினார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் கழித்துத்தான் அன்று ஆமென் சொன்னார்கள்.

(தொடரும். அடுத்த வாரம்: 1899 ஜூன் 6, சிவகாசிக் கொள்ளை)