முற்றத்துக் கோழியும் ஊர்ச் சட்டமும்



பிரட்டுக்கு மணி அடிக்கும் முன்பே தோட்டத்து லயன்களை எழுப்பிவிடுவது சேவல்தான். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் அனைவருக்கும் அந்தக் கூவலோடுதான் பொழுது விடிந்தது. அதே கூவல் இன்று நகரத்துத் தாமானிலோ அடுக்குமாடி வீட்டிலோ கேட்டால், நகராண்மைக் கழகத்துக்குப் புகார் போகிறது. சேவலும் மாறவில்லை, அதன் குரலும் மாறவில்லை. இடம் மாறியதும் அது குற்றமாகிவிட்டது எப்படி? வீடுகளில் கோழி வளர்ப்பதைப் பற்றிய ஊர்ச் சட்டங்கள் எவ்வாறு பிறந்தன, அவை நம் குடும்பங்களை எவ்வாறு தொட்டன என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் ஒரு செய்தி. நம் வீட்டுக் கோழியின் மூதாதை, தென்கிழக்காசியக் காடுகளில் வாழும் செங்காட்டுக் கோழி என்பது அறிஞர்கள் கண்ட முடிவு. மலாய்க்காரர்கள் அதனை 'ஆயாம் ஊத்தான்' என்பார்கள். ரப்பர் காட்டின் ஓரத்திலும் செம்பனைத் தோட்டத்திலும் இன்றும் அது மேய்வதைப் பார்க்கிறோம். கோழிக்கு இது தாய்நாடு. அந்தக் கோழியைத் தேடி இங்கே வந்தவர்கள் அல்லர் நம் முன்னோர்கள்; அவர்கள் பால்மரம் சீவ வந்தவர்கள். ஆனால் வந்த இடத்தில் நாலு காசு சேர்க்க அவர்களுக்கு உதவிய முதல் உயிர்களுள் ஒன்று இந்தக் கோழி.

லயன் வீட்டின் பின்புறம் ஒரு பஞ்சாரம், பலகைத் துண்டுகளால் அடித்த ஒரு கூடு, அடை வைக்க ஒரு பழைய கூடை. கோழி வளர்ப்புக்கு இவ்வளவே முதல். சோற்றுப் பருக்கையும் தேங்காய்ப் பூவும் கறையானும் தின்று அது தானே வளர்ந்தது. இருபத்தொரு நாளில் குஞ்சு பொரித்தது. தீபாவளிக்கு ஒன்று, முனியாண்டி கோயிலுக்கு நேர்ந்துவிட்டது ஒன்று, பிள்ளை பெற்ற மகளின் பத்தியத்துக்கு ஒன்று. மிஞ்சியதை விற்ற காசு அம்மாவின் சுருக்குப்பையில் போனது. சம்பளப் பணம் அப்பாவின் கையில் இருந்த வீட்டிலும் கோழிக் காசு அம்மாவின் கையில்தான் இருந்தது. பள்ளிச் சட்டைக்கும் புத்தகத்துக்கும் அந்தப் பையே வாய் திறந்தது.

அந்நாளில் லயனிலும் சட்டம் இருந்தது, எழுதாத சட்டம். யாருடைய கோழி என்று தெரிய காலில் வண்ணத் துணி கட்டுவோம். அடுத்த வீட்டுக் கீரைப்பாத்தியைக் கோழி கிளறினால் கோழிக்காரர் பாத்தியைச் சரிசெய்து தரவேண்டும். கோழி காணாமற் போனால் கங்காணியிடமோ கோயில் தலைவரிடமோ பஞ்சாயத்து நடக்கும். டிரஸர் லயனைச் சுற்றிப் பார்க்க வரும் நாளில் கூட்டைக் கழுவிச் சாம்பல் தூவி வைப்போம். ஊரில் சட்டங்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை. ஒருவர் வளர்ப்பது இன்னொருவரைத் தொடும்போது விதி பிறக்கிறது.

இனி எழுதிய சட்டத்துக்கு வருவோம். மலாய் ஐக்கிய மாநிலங்களில் 1923ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டத் தொகுப்பு ஒன்று வந்தது. குடும்பத்தோடு வாழும் தொழிலாளி ஒவ்வொருவருக்கும், பயிரிடவோ கால்நடை மேய்க்கவோ ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கப்பட வேண்டும் என்று அது கூறியது. கணக்குப் பார்த்தால் சுமார் 2,700 சதுர அடி. ஏட்டில் இருந்த அந்த நிலம் எல்லாத் தோட்டங்களிலும் தொழிலாளியின் கைக்கு வந்து சேர்ந்துவிடவில்லை. ஆயினும் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். தோட்டத்துப் பாட்டாளி காய்கறி நடுவதும் கால்நடை வளர்ப்பதும் அவன் வாழ்வின் பகுதி என்று சட்டமே அன்று ஒப்புக்கொண்டது.

அதில் முதலாளிக்கும் இலாபம் இல்லாமலில்லை. தொழிலாளி தன் உணவில் ஒரு பகுதியைத் தானே தேடிக்கொண்டால் குறைந்த சம்பளத்திலும் காலம் தள்ளிவிடுவான் அல்லவா? உலகப் பொருளாதாரம் சரிந்து ரப்பர் விலை வீழ்ந்த 1930ஆம் ஆண்டில், ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசாக இருந்த நிர்ணயக் கூலி 40 காசாயிற்று; பெண்ணுக்கு 40 காசு 32 காசாயிற்று. பின்னர் அதுவும் குறைந்தது. பல்லாயிரம் பேர் தமிழகத்துக்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். அத்தகைய நாளில் கூட்டிலிருந்த இரண்டு முட்டையின் மதிப்பு என்ன என்பதை எந்தக் கணக்கப்பிள்ளையின் ஏடும் எழுதி வைக்கவில்லை. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் அரிசி அரிதாகி, மரவள்ளிக் கிழங்கே சோறான நாளிலும் அதே கதைதான்.

நகரத்தின் கதை வேறு. அங்கே கடைவீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நின்றன. ஒரு வீட்டின் கழிவு அடுத்த வீட்டு வாசலிலுள்ள சாக்கடையில் ஓடியது. இங்கிலாந்தில் தொழில் நகரங்கள் நெருங்கி வளர்ந்து, காலராவும் காய்ச்சலும் மக்களை வாரிக்கொண்டு போன பிறகு, 1875ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம் ஒரு விதியைச் செய்தது. பிறருக்குத் தொல்லையாகவோ உடல்நலத்துக்குக் கேடாகவோ ஒரு விலங்கை வைத்திருந்தால் அதிகாரிகள் தலையிடலாம் என்பதே அது. பிரிட்டிஷார் ஆண்ட இடங்களுக்கெல்லாம் அந்தக் கருத்தும் உடன் சென்றது. கோலாலம்பூரில் 1890ஆம் ஆண்டு சுகாதாரக் கழகம் அமைந்தது. 1930ஆம் ஆண்டில் நகரக் கழகச் சட்டம் வந்தது. நாடு விடுதலை பெற்ற பின், 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் தீபகற்ப மலேசியாவின் ஊராட்சி மன்றங்களை ஒழுங்குபடுத்தி, துணைச் சட்டங்கள் இயற்றும் அதிகாரத்தை அவற்றுக்குத் தந்தது.

ஆகவேதான் கோழி வளர்ப்பு விதி நாடு முழுவதும் ஒன்றாக இல்லை. ஓர் ஊராட்சி மன்றத்தின் எல்லையில் குடியிருப்புப் பகுதியில் கோழியே கூடாது என்றிருக்கலாம். இன்னொன்றில் அனுமதி பெற்றுச் சில கோழிகள் வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கலாம். ஆற்றுக்கு இந்தக் கரையில் இருக்கும் அக்காவுக்குப் பொருந்துவது அந்தக் கரையில் இருக்கும் தங்கைக்குப் பொருந்தாமற் போகலாம். ஆனால் எல்லா விதிகளுக்கும் அடியில் இருக்கும் கவலைகள் ஒன்றே: நாற்றம், ஈ, எலி, இரைச்சல், நோய்.

இவற்றுள் நோயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மாலையில் நன்றாக இருந்த கோழிகள் மறுநாள் கழுத்துத் திருகி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கூட்டோடு மடிந்ததை நம் தாய்மார்கள் பார்த்திருக்கிறார்கள். கண்ணேறு என்று சுற்றிப் போட்டவர்களும் உண்டு. அது வெள்ளைக்கழிச்சல் என்னும் தொற்றுநோய். 1926ஆம் ஆண்டில் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் அது இனங்காணப்பட்டது. இந்தியாவில் ராணிக்கேட் என்ற மலையூரின் பெயரால் அதனை வழங்குகிறார்கள். அது கோழியைக் கொல்லும் நோய். மனிதருக்கு அது வந்தாலும் கண் சிவப்போடு போய்விடும்.

1997ஆம் ஆண்டில் நிலைமை மாறியது. ஹாங்காங்கில் பறவைக் காய்ச்சல் மனிதரைத் தொற்றியது. 18 பேர் நோயுற்றார்கள். அவர்களில் 6 பேர் இறந்தார்கள். அந்நகரத்துக் கோழிகள் அனைத்தும் அழிக்கப்பட்டன. 2004ஆம் ஆண்டு ஆகஸ்டில் அந்நோய் நம் நாட்டிற்குள் வந்தது. கிளந்தான் மாநிலத்தின் தும்பாட் வட்டாரத்தில் கம்பத்துக் கோழிகளில் அது கண்டறியப்பட்டது. சிங்கப்பூர் உடனே மலேசியக் கோழிகளுக்குத் தடை விதித்தது. 2006ஆம் ஆண்டில் கோலாலம்பூரை அடுத்த செத்தாப்பாக், கோம்பாக் பகுதிகளிலும், 2007ஆம் ஆண்டில் சுங்கை பூலோ அருகிலும், 2017ஆம் ஆண்டில் மீண்டும் கிளந்தானிலும் நோய் தலைகாட்டியது. ஒவ்வொரு முறையும் சுற்று வட்டாரத்துக் கோழி, வாத்துகள் அழிக்கப்பட்டன. இந்நிகழ்வுகளில் மனிதர் எவருக்கும் நோய் உறுதிப்படவில்லை. விரைந்து செயற்பட்டதன் பயன் அது. அன்றிலிருந்து அதிகாரிகளின் பார்வையில், முற்றத்தில் திரியும் நாலு கோழியும் ஊரின் உடல்நலக் கணக்கில் சேர்ந்துவிட்டன.

இந்த விதிகள் ஒரு பக்கம் வளர்ந்துகொண்டிருக்க, மறுபக்கம் நம் தோட்டங்கள் கரைந்துகொண்டிருந்தன. ஐம்பது, அறுபதாம் ஆண்டுகளில் தோட்டத் துண்டாடல் வந்தது. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அதன்பின் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்களும் விரைவுச் சாலைகளும் வந்தன. நம் குடும்பங்கள் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும், அங்கிருந்து மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தன. வீட்டுக்குச் சாவி தந்தார்கள். முற்றம் மட்டும் வரவில்லை.

நம் உறவுக் குடும்பம் ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்வோம். தோட்டம் விற்கப்பட்டு மூன்றாம் மாடி வீட்டுக்குப் போன அத்தை ஒருவர், ஒரு வெடைக்கோழியையும் ஆறு குஞ்சுகளையும் கூடையில் வைத்துக் கொண்டுபோனார். துணி காயப் போடும் இடமே கோழிக்கூடு ஆயிற்று. முதல் வாரம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம், கூட்டைக் கழுவிய நீர் கீழ்வீட்டுத் துணியில் சொட்டியது. நிர்வாகத்தின் கடிதம் வந்தது: மூன்று நாளில் கோழிகளை அகற்ற வேண்டும். அடுக்குமாடி வீடுகளுக்கான 2015ஆம் ஆண்டின் விதிமுறைகளில் உள்ளதே இது. அண்டை வீட்டாருக்குத் தொல்லை தரும் விலங்கை, கடிதம் கிடைத்த மூன்று நாட்களுக்குள் அகற்றியாக வேண்டும்.

"என் கோழி யாரை என்ன செய்தது?" என்று அத்தை அழுதார். அன்று மாலை கீழ்வீட்டு அம்மாள் மேலே வந்தார். அவரும் ஒரு தோட்டத்திலிருந்து வந்தவர்தான். "அக்கா, எனக்கும் கோழி என்றால் உயிர். பத்துக் கோழி வளர்த்தவள் நான். ஆனால் என் பேரனுக்கு இழுப்பு இருக்கிறது. இறகும் தூசியும் பட்டால் இரவெல்லாம் மூச்சு வாங்குகிறான்" என்றார். அத்தை வாய் பேசவில்லை. மறுநாளே கோழிகள் கம்பத்திலிருந்த உறவினர் வீட்டுக்குப் போயின. கடிதம் சொல்லி விளங்காதது அந்த அம்மாள் சொன்னதும் விளங்கியது.

நம் சொந்தங்கள் வாழும் சிங்கப்பூரிலும் இதே போராட்டம் உண்டு. அங்கே வீடமைப்புக் கழக அடுக்குமாடிகளில் கோழி வளர்க்க முடியாது. தனியார் வீடுகளில், விற்பனைக்கல்லாமல், பறவைகள் உட்புக முடியாத கூண்டில் பத்து வரை வைத்துக்கொள்ளலாம். 2017ஆம் ஆண்டில் சின் மிங் வட்டாரத்தில் சுற்றித் திரிந்த 24 கோழிகள், இரைச்சல் பற்றிய புகார்களின் பேரில் அகற்றப்பட்டுக் கொல்லப்பட்டன. அதைக் கேட்டு வருந்தியவர்கள் புகார் செய்தவர்களைவிட மிகப் பலர். கம்பத்து வாழ்வை நினைவூட்டிய குரல் அடங்கிவிட்டதே என்பது அவர்கள் துயரம். ஆகவே கோழியின் மீது பாசம் தோட்டத்தாருக்கு மட்டும் உரியதன்று.

நேயர்களே, இந்த வரலாற்றிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன? நகரத்துச் சட்டம் நம்மை இழிவுபடுத்த எழுந்ததன்று. நெருங்கி வாழும் மக்களை நோயிலிருந்து காக்க எழுந்தது. அதை நாம் மதிக்க வேண்டும். அதே வேளையில் இன்னோர் உண்மையும் உண்டு. 1923இல் ஒரு சட்டம் நமக்கு நிலம் ஒதுக்கச் சொன்னது. தோட்டத்தை விட்டு வெளியேறியபோது நம் வீடும் வேலையும் கணக்கில் வந்தன. அம்மாவின் சுருக்குப்பை எந்தக் கணக்கிலும் வரவில்லை. இழந்ததை இழந்தது என்று சொல்வதில் தவறில்லை. சொன்னால்தான் மாற்று வழி கேட்க முடியும்.

வீடு மாறப் போகிறவர்கள் கோழியைக் கூடையில் எடுப்பதற்கு முன் அவ்வூர் மன்றத்தின் அலுவலகத்திற்கு ஒரு நடை போய்வாருங்கள். கோழி வைக்கலாமா, எத்தனை வைக்கலாம், அனுமதி வேண்டுமா, கூடு அண்டை வீட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று கேளுங்கள். அடுக்குமாடி என்றால் நிர்வாகத்திடமும் கேளுங்கள். தோட்டத்தில் இன்னும் வாழ்வோர் நிர்வாகத்தின் அனுமதியோடு, கூட்டை உயர்த்தி, அடைத்து, நாள்தோறும் துப்புரவாக்கி வளர்க்கலாம். கோழிகள் திடீரெனக் கூட்டமாக மடிந்தால் அறுத்துச் சமைக்க வேண்டாம், ஆற்றிலும் வீச வேண்டாம். கால்நடைச் சேவை இலாகாவுக்குத் தெரிவியுங்கள். குடியிருப்பில் பலர் கோழி வளர்க்க விரும்பினால், ஒளித்து வளர்க்காமல், ஒன்றுகூடிப் பொதுவான ஓரிடம் கேட்டு மன்றத்துக்கு மனு எழுதுங்கள்.

கீரைப்பாத்தியைக் கிளறிய கோழிக்கு லயனில் நாமே விதி செய்துகொண்டோம். அடுத்த வீட்டாரின் மனம் அறிந்து நடந்த அந்தப் பண்பு நம்மிடம் இருக்கும்வரை, எந்த ஊரின் சட்டமும் நமக்கு அந்நியமாகாது.