பெட்டிக்குள் பூட்டிய உழைப்பு

விலை கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவனுக்கே உரியது என்பது சாதாரண மக்களின் நம்பிக்கை. மண்வெட்டி வாங்கிய கமக்காரன் அதன் பிடியைக் கழற்றித் தன் கைக்கு ஏற்ற வேறொரு பிடியைப் பொருத்தலாம். எந்த வியாபாரியும் அதனைத் தடுக்க வருவதில்லை. ஆனால், இன்று வீடுகளின் மூலையிலே ஒளி மின்னிக்கொண்டிருக்கும் ரவுட்டர் என்னும் சிறு பெட்டியின் நிலை வேறு. இணையத்தை வீட்டினுள்ளே பங்கிட்டு அனுப்பும் அப்பெட்டி உண்மையில் ஒரு சிறு கணினியே. அதனை இயக்கும் மென்பொருள் அதனுள்ளேயே பதிக்கப்பட்டிருக்கிறது. நிலைபொருள் என்பது அதன் பெயர். வாங்கியவர் அதனைத் திறந்து பார்க்கவோ திருத்தவோ இயலாது என்பதே பெரும்பாலான கம்பனிகளின் ஏற்பாடு. அந்த ஏற்பாடு ஒருமுறை உடைந்தது. அது எவ்வாறு உடைந்தது என்பதை நாம் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். ஏனெனில் அது தவறாகவே பெரிதும் சொல்லப்பட்டு வருகிறது.

மனிதன் படிக்கவும் திருத்தவும் கூடியதாக எழுதப்படுவது மூலநிரல். இயந்திரம் மட்டும் அறியும் எண்களாக அது மாற்றப்பட்ட பின்னரே பெட்டிக்குள் செல்கிறது. எண்களை மட்டும் தந்து மூலத்தை மறைப்பது, ஏட்டுச்சுவடியைப் பேழையில் பூட்டிவிட்டு அதன் பொருளைத் தான் சொன்னபடியே கேட்கவேண்டும் என்று கட்டளையிடுவதற்கு ஒப்பாகும். ஐக்கிய அமெரிக்காவின் எம்.ஐ.ரி. ஆய்வுகூடத்திலே பணிபுரிந்த ரிச்சர்ட் ஸ்டால்மன், 1980 ஆம் ஆண்டளவில் ஓர் அச்சு இயந்திரத்தின் மூலநிரல் தமக்கு மறுக்கப்பட்டதனால் இதனை உணர்ந்தார். 1983 இல் குனூ என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். 1989 இல் வெளிவந்து, 1991 இல் திருத்தம்பெற்ற பொது உரிமம் அவ்வியக்கத்தின் பெருஞ்சாதனை. அவ்வுரிமத்தின்படி வெளியாகும் நிரலை எவரும் எடுத்தாளலாம், விற்கவும் செய்யலாம். ஆனால், எண்களாக மாற்றி விற்பவர் மூலத்தையும் வாங்குவோருக்குக் கொடுத்தல் வேண்டும். மூலம் என்பதற்கு அது தரும் விளக்கம் கூர்ந்து நோக்கத்தக்கது. நிரல் மட்டுமன்று, அந்நிரலைத் தொகுத்து நிறுவுவதற்குப் பயன்படும் கட்டளைக் கோப்புகளும் மூலத்துள் அடங்கும் என்கிறது அது. செய்பொருளைக் கொடுத்தால் போதாது, செய்முறையையும் கொடுக்கவேண்டும் என்பதே இதன் கருத்து. லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிவைத்த லினக்ஸ் கருநிரலும் 1992 இல் இவ்வுரிமத்தின் கீழ் வந்தது.

2002 டிசம்பரில் லிங்சிஸ் என்னும் அமெரிக்கக் கம்பனி டபிள்யூ.ஆர்.ரி. 54 ஜி என்ற ரவுட்டரைச் சந்தைக்குக் கொணர்ந்தது. நீலமும் கறுப்புமான அந்தப் பெட்டி விரைவில் விலைபோயிற்று. 2003 இல் பெருமுதலாளித்துவ நிறுவனமான சிஸ்கோ, ஏறத்தாழ 50 கோடி டொலர் பெறுமதியான பங்குகளைக் கொடுத்து லிங்சிஸைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. அதே ஆண்டு யூன் மாதத்திலே, இப்பெட்டியினுள் ஓடுவது லினக்ஸே என்றும், அதன் மூலநிரல் எங்கும் காணப்படவில்லை என்றும் பயனாளர் ஒருவர் லினக்ஸ் ஆக்குவோருக்குப் பகிரங்கமாக எழுதினார். ஊதியம் கருதாது பலர் உழைத்து ஆக்கிய நிரல் பூட்டப்பட்டு விற்பனையாகிக்கொண்டிருந்தது! நிலைபொருளோ சில்லு செய்த புரோட்கொம் கம்பனியிடமிருந்து லிங்சிஸுக்கு வந்தது. லிங்சிஸோ சிஸ்கோவின் உடைமையாயிற்று. கைமாறக் கைமாறப் பொறுப்பு தேய்ந்துபோவது வணிகத்தின் வழக்கம். ஆனால், உரிமத்தின் நிபந்தனை தேயவில்லை. இலாபத்தோடு கடமையையும் சேர்த்தே சிஸ்கோ வாங்கியிருந்தது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் நிரலாளர்களும் கொடுத்த நெருக்குதலினால் அவ்வாண்டிலேயே மூலநிரல் வெளியிடப்பட்டது. லிங்சிஸ் மனமுவந்து அளித்த கொடை இது என்று எழுதுவோர் உளர். கொடையன்று, வாங்கிய கடனைத் திருப்பியதே.

வெளிவந்த அந்த மூலத்தையும், சிறு கருவிகளுக்கான மென்பொருளை ஒருங்கே தொகுக்க உதவும் பில்ட்ரூட் என்ற அமைப்பையும் அடிப்படையாகக்கொண்டு, 2004 ஜனவரியில் ஓப்பன் டபிள்யூ.ஆர்.ரி. என்னும் கூட்டுமுயற்சி தொடங்கியது. வேலை எளிதன்று. ரவுட்டரின் செயலியும் நம் மேசைக் கணினியின் செயலியும் வெவ்வேறு மொழி பேசுவன. ஆகவே, நம் கணினியில் ஓடிக்கொண்டே ரவுட்டரின் மொழியில் எழுதும் தொகுப்பி ஒன்றை முதலில் ஆக்கவேண்டும். பின்னர் அத்தொகுப்பியைக்கொண்டு கருநிரல், நூலகம், ஏனைய நிரல்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தொகுத்து, யாவற்றையும் சுருக்கி ஒரே கோப்பாக்கவேண்டும். 54 ஜியின் ஆரம்பப் பெட்டிகளில் இருந்த நிலைநினைவகம் 4 மெகாபைட் மட்டுமே. அதற்குள் யாவும் அடங்கவேண்டும். ஒரு விடுமுறையின்போது நாமும் பழைய பெட்டி ஒன்றுக்கு இவ்வாறு செய்ய முயன்றோம். இரவு முழுவதும் கணினி உழைத்து முடித்த கோப்பு, விடியலில் பார்த்தால், பெட்டி கொள்ளும் அளவைத் தாண்டியிருந்தது. வேண்டாதவற்றைக் களைந்து மீண்டும் தொகுத்து, பதித்து, அதன் விளக்கு சீராக எரியும்வரை நாம் பட்ட கலக்கத்தை இங்கு விரித்தல் வேண்டாம். ஆனால், எது வேண்டும், எது வேண்டாம் என்று முடிவுசெய்யும் அதிகாரம் அன்றுதான் எம் கைக்கு வந்தது.

இவ்வதிகாரம் சமூகத்துக்கு என்ன செய்தது என்பதைப் பேர்லினில் காணலாம். ஜேர்மனி 1990 இல் ஒன்றிணைந்த பின்னர், கிழக்குப் பேர்லினின் சில பகுதிகளிலே செம்புக் கம்பிக்குப் பதிலாக ஒளியிழைகள் பதிக்கப்பட்டன. அதிவேக இணையமாகிய டி.எஸ்.எல்.லோ செம்புக் கம்பியில் மட்டுமே ஓடுவது. எனவே, புதுமை எய்திய தெருக்களே இணையமின்றி நின்றன. அங்கு வாழ்ந்தோர் பிரைபுங்க் என்ற இயக்கமாகத் திரண்டு, 54 ஜி பெட்டிகளில் தாமே தொகுத்த நிலைபொருளைப் பதித்து, வீட்டுக்கூரைகளிலும் தேவாலயக் கோபுரங்களிலும் நிறுவினர். ஒரு பெட்டி தன் அயற்பெட்டிக்குச் செய்தியைக் கடத்த, அது அடுத்ததற்குக் கடத்த, ஓர் இணைப்பைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொண்டன. ஒரே வீட்டுக்குள் அடங்கியிருக்கவென விற்கப்பட்ட பெட்டி தெருவின் பொதுச்சொத்தாயிற்று. கம்பனியின் நிலைபொருளோடு இது நடந்திருக்காது.

கம்பனி வாளாவிருக்கவில்லை. 2005 இன் பிற்பகுதியில் வந்த 54 ஜியின் ஐந்தாம் பதிப்பில் லினக்ஸ் நீக்கப்பட்டு, வி.எக்ஸ்.வேர்க்ஸ் என்னும் மூடிய அமைப்பு புகுத்தப்பட்டது. நிலைநினைவகம் 2 மெகாபைட்டாகக் குறைந்தது. லினக்ஸ் வேண்டுவோருக்கு ஜி.எல். என்ற வேறொரு பெட்டி விற்கப்பட்டது. முன்பு இருந்ததையே புதுப்பெயர் சூட்டி விற்ற சாமர்த்தியத்தை என்னென்பது! ஏனைய சிஸ்கோ பொருள்கள் தொடர்பாக ஐந்து ஆண்டுகள் பேசிச் சலித்த அறக்கட்டளை, 2008 டிசம்பரில் நியூயோர்க் நீதிமன்றத்தை நாடியது. 2009 மே மாதத்தில் வழக்கு இணக்கத்தில் முடிந்தது. உரிம நிபந்தனைகளைக் கண்காணிக்க ஓர் அதிகாரியை நியமிக்கவும், அறக்கட்டளைக்குப் பணம் வழங்கவும் சிஸ்கோ உடன்பட்டது.

எனினும், தொடக்கத்திலிருந்தே ஒரு குறை இருந்தது. 54 ஜியின் வானலைப் பகுதியை இயக்கும் புரோட்கொம் நிரல் எண்களாகவே வந்தது. அதன் மூலம் தரப்படவில்லை. அது லினக்ஸின் பழைய 2.4 பதிப்போடு மட்டுமே பொருந்தியமையால், ஆக்குவோர் நெடுங்காலம் அப்பதிப்பிலேயே கட்டுண்டு கிடந்தனர். சில்லின் நடத்தையை வெளியிலிருந்து ஆராய்ந்து மாற்று நிரல் எழுத ஆண்டுகள் பல சென்றன.

2024 நவம்பரில், தொடங்கி இருபது ஆண்டுகள் கழிந்த நிலையில், ஓப்பன் டபிள்யூ.ஆர்.ரி. இயக்கத்தினர் தாமே திட்டமிட்ட ரவுட்டரை ஓப்பன் டபிள்யூ.ஆர்.ரி. வன் என்ற பெயரில் விற்பனைக்கு விட்டனர். 4 மெகாபைட்டோடு மல்லாடியவர்களின் பெட்டியில் இப்பொழுது பிரதான நினைவகம் மட்டும் 1 கிகாபைட். தவறான கோப்பைப் பதித்தாலும் மீட்டெடுக்க அதில் தனியே வழி வைத்திருக்கிறார்கள். அதன் மூலநிரல் எவரும் கேட்காமலே திறந்து கிடக்கிறது. வானலைச் சில்லினுள் ஓடும் சிறு நிரல் மட்டும் இன்றும் எண்களாகவே வந்து சேர்கிறது.