குரங்கு பெடல் ஓடாத மலை

போன மாசம் ஜவ்வாது மலை அடிவாரத்துல ஒரு மருத்துவ முகாம். வழக்கமான கூட்டம்தான்: சுகர், பிரஷர், மூட்டுவலி. எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். நெஞ்சில் ஸ்டெத் வெச்சா லேசா விசில் சத்தம். பீடி, சிகரெட் கிடையாதுன்னார். "அப்போ என்ன வேலை பாத்தீங்க ஐயா?"

"சைக்கிள் பிரேம் கட்டுவேன் சார். முப்பத்தெட்டு வருஷம்."

பஞ்சர் கடைக்காரர்னு நினைச்சேன். இல்லை. குழாயை அளந்து அறுத்து, மூலைகளில் லக் மாட்டி, பித்தளைக் கம்பியை உருக்கி விட்டு முழு பிரேமையே உருவாக்குற ஆள். பால்காரருக்கு, விறகு ஏத்துறவருக்கு, ஐஸ் விக்கிறவருக்குன்னு தனித்தனியா கட்டுவாராம். கம்பெனி சைக்கிள் பாரம் தாங்காம முறிஞ்சா அதையும் ஒட்டித் தருவார்.

"பித்தளை வேலை நாளில் ராத்திரி குளிர்காய்ச்சல் வருமா?"ன்னு கேட்டேன். அசந்து போயிட்டார். "உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். துத்தநாகம் 907 டிகிரியில் கொதிச்சு ஆவியாகும். பித்தளையை உருக்கி ஓட விடுற சூடும் கிட்டத்தட்ட அதேதான். அந்தப் புகையை இழுத்தா சில மணி நேரம் கழிச்சு நடுக்கம், காய்ச்சல், வாயில் உலோக ருசி. ஒண்ணு ரெண்டு நாளில் தானா அடங்கும். தினமும் செஞ்சா உடம்பு பழகிடும், ஒரு நாள் லீவு விட்டா பழக்கம் போயிடும். அதனால இதுக்கு 'திங்கட்கிழமைக் காய்ச்சல்'னே பேர் உண்டு. ஃப்ளூன்னு நினைச்சு மாத்திரை எழுதித் தர்ற கேஸ் இது. தொழிலைக் கேட்காத டாக்டருக்குப் பிடிபடவே படாது.

கூட்டம் குறைஞ்சதும் அவரோட டீ குடிச்சுக்கிட்டே பேசினேன். அதிலிருந்துதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

இன்னிக்கு நாம பார்க்கிற சைக்கிளின் உருவம் 1885-ல் ஜான் கெம்ப் ஸ்டார்லி இங்கிலாந்தில் கொண்டுவந்த 'ரோவர்' வண்டியிலிருந்து தொடங்குது. 1888-ல் டன்லப் காத்தடிச்ச டயரைக் கொண்டுவந்தார். நம்ம பக்கம் 1949-ல் முருகப்பா குடும்பமும் பர்மிங்காமின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கினாங்க. அம்பத்தூர் ஆலை, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., எல்லாம் அந்த வழி வந்தவை. அம்பத்தூரில் சர் ஐவன் ஸ்டெட்போர்டு மருத்துவமனை இருக்கே, யாரோ வெள்ளைக்கார டாக்டர் பேருன்னு நான் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். அவர் டாக்டரே இல்லை, அந்த பர்மிங்காம் குழாய்க் கம்பெனியின் தலைவர்!

பெரியவருக்கு இந்த ஆண்டுகள் எதுவும் தேவைப்படலை. அவருக்குத் தெரிஞ்ச வரலாறு முக்கோணம். "நாலு மூலைச் சட்டம் ஆடும் சார். முக்கோணம் ஆடாது. சைக்கிள்னா ரெண்டு முக்கோணம், அவ்ளோதான்." மேல இருக்கிற பார் கம்பியை எடுத்துட்டா லேடீஸ் சைக்கிள். முன்பக்க முக்கோணம் போச்சு, பலமும் குறைஞ்சது. அதை ஈடுகட்ட குழாயைத் தடிமனாக்கணும், எடை கூடும்.

அந்த பாருக்குக் கீழே காலை விட்டு ஓட்டுறதுதான் நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச குரங்கு பெடல். மணிக்கணக்கு வாடகைச் சைக்கிள், முழங்கால் சிராய்ப்பு, எல்லாம் அதோட சேர்ந்தது. கேரியரில் உட்காரும் குழந்தையின் குதிகால் ஸ்போக்கில் மாட்டிக்கும், சதை கிழிஞ்சு வரும். இன்னிக்கும் அது பார்க்கவே கஷ்டமான காயம். குழந்தையை முன்னால் பாரில் உட்கார வெச்சா நம்ம கண் முன்னாடியே இருக்கும்.

புதுக்கோட்டைப் பெண்கள் இதைக் கண்டுபிடிச்சாங்க. 1990-களின் தொடக்கத்தில், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கத்தின் ஒரு பகுதியா ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கத்துக்கிட்டாங்க. பி. சாய்நாத் அதை விரிவா எழுதியிருக்கார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. ஆனா சிலர் விரும்பியே ஜென்ட்ஸ் சைக்கிள் வாங்கினாங்களாம், குழந்தையை பாரில் உட்கார வெக்கலாமேன்னு. பெரியவரிடம் இதைச் சொன்னதும் முகமெல்லாம் சிரிப்பு. "நான் கட்டின பிரேம்ல ஓட்டிருந்தா இன்னும் ரெண்டு பிள்ளைய ஏத்திருக்கலாம்."

அப்புறம் 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு இலவச சைக்கிள். பிறகு அது எல்லாப் பிரிவு மாணவ மாணவியருக்கும் விரிவாச்சு. பொண்ணுங்க பிளஸ் டூ தாண்டினதில் இந்தத் திட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டுன்னு நம்புற ஆள் நான்.

இங்கதான் ஒரு கேள்வி கேட்டேன். "மலைக்காரங்களுக்கு எத்தனை வண்டி கட்டிக் கொடுத்திருப்பீங்க?"

கொஞ்ச நேரம் யோசிச்சார். "ஒண்ணுகூட இல்ல சார்."

முப்பத்தெட்டு வருஷம், வாசலில் நின்னா மலை தெரியும் ஊர். ஒண்ணுகூட இல்லை. "ஏறும்போது தள்ளணும். இறங்கும்போது பிரேக் நிக்காது. மழை பெஞ்சா சுத்தம், இரும்பு ரிம்முல கட்டை வழுக்கும்."

முகாம் நடந்த பள்ளியில் நின்ன ஒரு சைக்கிளில் பல் எண்ணிப் பார்த்தேன். முன்னால் 44, பின்னால் 18. ஒரு மிதி சுத்தினா வண்டி ஏறக்குறைய 5.4 மீட்டர் போகும். சமவெளிக்கு அருமையான கணக்கு. 100 மீட்டருக்கு 6 மீட்டர் ஏறும் சாலையில், 50 கிலோ பொண்ணு 22 கிலோ வண்டியை நிமிஷத்துக்கு 30 மிதி மிதிச்சு ஏத்தினாக்கூட, ஏற்றத்துக்கு மட்டும் 110 வாட்டுக்கு மேல் தொடர்ந்து வேணும். பயிற்சி இல்லாத, ஹீமோகுளோபின் 9-ல் இருக்கிற பதினாறு வயசுப் பிள்ளைகிட்ட அதைக் கேட்கக் கூடாது. ரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்க ஆள் பத்தாது. இறங்கித் தள்ளத்தான் செய்வா.

தமிழ்நாட்டு சைக்கிளின் வரலாறுன்னு நாம பேசுறது எல்லாம் சமவெளியின் வரலாறு. இங்கிலாந்தில் சைக்கிள்காரங்க 1886-லேயே நல்ல ரோடு கேட்டு சங்கம் வெச்சாங்க. கார் பெருகினது அதுக்கப்புறம்தான். ஜவ்வாது மலையில் சைக்கிள் காலம்னு ஒண்ணு வரவே இல்லை. நடை, டோலி, அதுக்கப்புறம் நேரா மோட்டார் பைக். ரோடு வந்த ஊருக்குத்தான் அதுவும். 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடிச்சு இறந்த ஒன்றரை வயசுக் குழந்தையை, ரோடு இல்லாம தாய் கையிலேயே தூக்கிட்டு நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

2001-ல் இந்தியாவில் நூறு வீட்டில் 12 வீட்டில் டூவீலர். 2011-ல் 21. சைக்கிள் 44, 45-ல் அப்படியே நின்னுச்சு. பைக் ஓட்டுறது பெரும்பாலும் யார்? அப்பா, அண்ணன். சமவெளிப் பொண்ணுக்குக் கிடைச்ச 'நானே போயிட்டு வர்றேன்' மலைப் பொண்ணுக்குக் கிடைக்கலை.

இப்போ ஞாயித்துக்கிழமை காலையில் கியர் சைக்கிள்காரங்க இந்த மலை ஏறுறாங்க. பத்து கிலோகூட இல்லாத வண்டி. எனக்குப் பொறாமைதான், மறைக்கலை. பெரியவர் ஒண்ணைத் தட்டிப் பார்த்தாராம். "அலுமினியம். முறிஞ்சா என்னால ஒட்ட முடியாது, தூக்கித்தான் போடணும்"னார். மதிப்பில்லாம சொல்லலை, கொஞ்சம் வருத்தமா சொன்னார்.

டீ முடிஞ்சது. நான் பல் எண்ணின அதே வண்டிகிட்ட போனார். "பின்னாடி 22 பல் பிரீவீல் போட்டுப் பாருங்க. செயின்ல கண்ணி சேக்கணும். கீழ வேகம் குறையும், மேல ஏறும்." கணக்குப் போட்டேன். மிதிக்கு 4.4 மீட்டர். சரியாத்தான் சொல்றார்.

அடுத்த வாரம் அவரே வந்து ஒரு வண்டியில் மாத்திக் கொடுத்தார், காசு வாங்கலை. சொந்தக்காரப் பொண்ணு பிளஸ் ஒன். முதல் வளைவு வரைக்கும் இறங்காமப் போனா. ரெண்டாவதில் இறங்கித் தள்ளினா. பெரியவர் பார்த்துட்டே இருந்தார். "24 கிடைக்குதான்னு பாக்கணும்"னார்.

அவளுக்கு இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கேன்.