தேநீர்வேளைப் பழக்கேக்கும் ‘எளிமை’ என்னும் கதையாடலும்

ஆங்கிலேயக் குடும்பங்களில் மாலைத் தேநீரோடு வைக்கும் பழக்கேக்கை ‘எளியது, மரபானது, வீட்டில் செய்தது’ என்று சொல்வது வழக்கம். மாவு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை, ஒரு கை உலர்திராட்சை. கலந்து அடுப்பில் வைத்தால் ஆச்சு. இதிலென்ன வரலாறு வேண்டிக்கிடக்கிறது என்று தோன்றலாம். ஆனால் இந்த மூன்று அடைமொழிகளும் வரலாற்றை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவை.

முதலில் ‘எளிமை’. ஹன்னா கிளாஸ் 1747இல் வெளியிட்ட சமையல் நூலில் கேக் என்பது பெருவீட்டுச் சமாச்சாரம். நான்கு பவுண்டு மாவுக்கு ஏழு பவுண்டு உலர்திராட்சை. அத்தனையையும் கழுவித் தேய்த்து, முட்டையைக் கை ஓயுமட்டும் அடிக்க வேலைக்காரிகள் வேண்டும். 1843இல் ஆல்ஃபிரட் பேர்ட் ஒரு பேக்கிங் பவுடரை உருவாக்கினார். இப்படிப்பட்ட பவுடர்கள் பரவிய பிறகுதான் தனியாக நின்று சமைக்கும் பெண்ணுக்கும் கேக் சாத்தியமாயிற்று. ஆக, எளிமை ஒரு டப்பாவில் வந்த வேதியியல்.

அடுத்தது ‘மரபு’. இரண்டாம் உலகப் போரில், 1940 ஜனவரியில் சர்க்கரைக்கும் ஜூலையில் தேயிலைக்கும் பிரிட்டனில் ரேஷன் வந்தது. சர்க்கரைக் கட்டுப்பாடு நீங்கியது 1953இல்தான். பதிமூன்று வருஷம் கேரட் துருவலையும் முட்டைப்பொடியையும் வைத்துக்கொண்டு பெண்கள் கேக்கைக் காப்பாற்றினார்கள். பாட்டி கைப்பக்குவம் என்று இன்று உருகுவதில் அந்தத் தட்டுப்பாட்டின் சிக்கனமும் இருக்கிறது.

மூன்றாவதான ‘வீட்டில் செய்தது’தான் சிக்கலானது. கரன்ட் என்னும் சிறுதிராட்சையின் பெயரே கிரேக்கத்துக் கொரிந்து நகரிலிருந்து வந்தது. சர்க்கரை, கரீபியன் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகள் வெட்டிய கரும்பு. பிரபுக்களின் ஆடம்பரம் ஆலைத் தொழிலாளியின் அன்றாட உணவானதற்கும் அடிமைத் தோட்டங்களுக்கும் உள்ள உறவை சிட்னி மின்ட்ஸ் 1985இல் விரிவாக எழுதினார்.

அப்படியென்றால் அடுப்படியில் நின்ற பெண்கள் ஒன்றும் அறியாதவர்களா? இல்லை. 1791இல் அடிமை வணிகத்தை ஒழிக்கும் முயற்சி நாடாளுமன்றத்தில் தோற்றதும், மேற்கிந்தியச் சர்க்கரையை விலக்கச் சொல்லித் துண்டுப்பிரசுரங்கள் பரவின. மூன்று லட்சம் பேர் விலக்கியதாக தாமஸ் கிளார்க்சன் கணக்குச் சொன்னார். ஓட்டுரிமை இல்லாத பெண்கள் மளிகைக் கணக்கையே அரசியலாக்கினார்கள். சமையலறையை அரசியலுக்கு வெளியே நிறுத்தும் நம் விமர்சகர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இந்த எதிர்ப்புக்கும் எல்லை இருந்தது. ‘அடிமைகள் செய்யாத சர்க்கரை’ என்று மாற்றாக விற்கப்பட்டது, கம்பெனி ஆட்சிக்குள் கிடந்த இந்தியாவிலிருந்து போன சரக்கு. 1833 சட்டத்தால் அடிமைமுறை ஒழிய, ஒப்பந்தக்கூலி வந்தது. மொரிஷியஸுக்கும் நேட்டாலுக்கும் கரும்பு வெட்ட நம்மவர்களும் கப்பலேறினார்கள். கேக்கோடு குடிக்கும் தேயிலையைக் கிள்ள, நம்மவர்கள் இலங்கை மலைகளுக்குப் போனார்கள். 1948இல் அவர்களில் பெரும்பாலோரின் குடியுரிமையைச் சட்டம் போட்டுப் பறித்தார்கள்.

கேக் ருசியாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதை ‘வீட்டில் செய்தது’ என்று சொல்லும்போது எந்த வீடு, யார் வீடு என்று கேட்கத்தான் வேண்டும். தேயிலை கிள்ளியவர்களுக்கு இருந்தது லயத்தில் ஒரு காம்பரா. அதுவும் தோட்டத்துக்குச் சொந்தம்.